நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

வாங்கும்போது நான் பார்த்தது நிறம்.
மழை விட்ட மறுநிமிட நீலம்.
விற்றவன் ஒற்றை விரலால் தூக்கிக் காட்டி
"இறகு" என்றான்.
இறகை நம்பித்
தொள்ளாயிரம் யூரோ எண்ணிக் கொடுத்தேன்.

கென்ட் நகரம் இறகுக்குக் கட்டிய ஊரல்ல.
தெருவெல்லாம் கல்.
ரொட்டி அளவில் கல், குளம்பு அளவில் கல்,
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்
சுண்டுவிரல் போகும் சந்து.
என் டயருக்கோ
சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் சதை.

பியானோவுக்குச் சுருதி கூட்டுவது என் பிழைப்பு.
பையில் நெம்புகோல், ரப்பர் ஆப்புகள்,
கம்பளிப் பட்டை, ஓர் இசைக்கவை.
ஒவ்வொரு கல்லுக்கும் அவை
ஒன்றையொன்று ஏசிக்கொண்டே வரும்.
தெருமுனையில் நான் திரும்பும் முன்பே
நாய்களுக்குத் தெரிந்துவிடும்.

அதுகூடப் பரவாயில்லை.
இறங்கிய பின்னும்
கை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தது.
ஓடிலியா அம்மாள் வீட்டில் ஒரு வியாழன்,
உணர்வில்லாத விரல்களால்
முடுக்கியது போதவில்லையென்று இன்னும் முடுக்க,
மேல் ஸ்தாயியில் ஒரு கம்பி
பட்டென்று அறுந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காபியில் மட்டும் சர்க்கரை இல்லை.

நவம்பரில், ஈரமான ஒரு திருப்பத்தில்,
டிராம் தண்டவாளம் முன்சக்கரத்தைக் கவ்வியது.
சக்கரம் நேராகப் போயிற்று.
நான் இடப்பக்கம் போனேன்.

கால்வாய் ஓரத்துப் பட்டறையில் வானஸ்
ஆப்பிள் கடித்துக்கொண்டே கேட்டான்:
எத்தனை படி தூக்குவாய்?
நாற்பத்தொன்று.
பை?
ஆறு கிலோ.
மழையில் ஓட்டுவாயா?
எந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறாய், என்றேன்.

புது வண்டி விற்கப் போகிறான் என்று
பர்ஸை இறுக்கிப் பிடித்திருந்தேன்.
அவனோ கவைக்கும் டயருக்கும் நடுவே
விரலை விட்டுப் பார்த்தான். நுழையவில்லை.
"டிஸ்க் பிரேக், தப்பித்தாய்.
வட்டத்தைச் சிறிதாக்கினால் காற்றுக்கு இடம் வரும்.
சட்டம் இருக்கட்டும். சக்கரத்தை மாற்று."

மறுவாரம் போனபோது
புதுச் சக்கரம் தாங்கியில் சுழன்றுகொண்டிருந்தது.
நிறுத்தி, ஆரக்கம்பிகளை
ஒவ்வொன்றாய்ச் சுண்டினான்.
நான் கோட்டைக் கழற்றாமலே நின்றேன்.
பற்சக்கரப் பக்கம் உயரச் சுரம்,
எதிர்ப்பக்கம் இறக்கம்,
இரண்டும் தத்தம் வரிசையில் ஒழுங்காய்.
"அது இல்லை," என்றேன்.
"எது?"
"இப்போது தொட்டதற்கு முந்தினது. கால் சுரம் கீழே."
அளவுமானியை வைத்துப் பார்த்தான்.
திரும்பவும் வைத்துப் பார்த்தான்.
கூலியில் பத்து யூரோ தள்ளினான்,
காரணம் சொல்லாமல்.

டயர் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
பார்க்கச் சாப்பிட்டுத் தூங்குகிற பூனை மாதிரி.
இதைக்கொண்டு எப்போது போய்ச் சேர்வது என்று
கைக்கடிகாரம் பார்த்தே மிதித்தேன்.
முன்பு வேலைக்கு இருபத்திரண்டு நிமிடம்.
இப்போதும் இருபத்திரண்டு.
மூன்று நாள் கோபமாகவே இருந்தது,
யார் மேல் என்று தெரியாமல்.

பிறகு காற்று.
நாலு பாரில் தொடங்கி
காலையில் ஒரு மூச்சு இறக்கினேன்.
மறுநாள் இன்னொரு மூச்சு.
மிகுந்தால் கல் பேசியது,
குறைந்தால் திருப்பத்தில் வண்டி குழைந்தது.
முன்னால் இரண்டரை, பின்னால் மூன்றுக்குச் சற்றுக் குறைய,
ஒரு செவ்வாய்க்கிழமை, மீன் சந்தை தாண்டியதும்
சேர்ந்தது.
பையில் ஒரு சத்தமும் இல்லை.
தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தேன்,
பல்லைக் கடிக்க மறந்து.

ஓடிலியா அம்மாள் வீட்டில்
அறுந்த இடத்துக் கம்பியை விரல் தேடிப் போயிற்று.
திருகின் கடைசி மயிரிழை அசைவு
கையில் தெரிந்தது.
சர்க்கரை வந்தது, இரண்டு கட்டி.

ஒரே தொல்லை:
நான் வருவது இப்போது எவருக்கும் கேட்பதில்லை.
பாலத்தில் ஒரு கிழவர் துள்ளி விலகித்
திட்டின திட்டில் நியாயம் இருந்தது.
நாலு யூரோவுக்கு ஒரு மணி வாங்கிப் பூட்டினேன்.
அடித்துப் பார்த்தேன்.
எந்தச் சுரத்திலும் நில்லாத மணி,
இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு தகரக் குரல்.
அரம் என்னிடம் இருக்கிறது,
ஐந்து நிமிட வேலை.

விட்டுவிட்டேன்.