நாற்பத்தொன்று

யேனா நகரம். இரவு இரண்டேகால்.
கூரை முழுக்க விசிறிப்பெட்டிகள்.
ஒவ்வொன்றின் கீழும் ஏணியை நகர்த்தி
ஊதும் காற்றையும்
தின்னும் வாட்டையும் குறிக்கிறேன்.
கண்ணாடிக்கு அப்பால் வீப்கே
எண்ணைத் திருப்பிச் சொல்கிறாள்.

நூற்றுப்பத்து, நூற்றுப்பன்னிரண்டு, நூற்றொன்பது.
நாற்பத்தொன்றாவது மட்டும் எழுபத்தெட்டு.
அதே காற்று, அரைவயிற்றுச் சாப்பாடு.

"எல்லாம் இப்படியிருந்தால்
மிச்சத்தில் எங்கள் தெருவுக்கே விளக்கெரியும்"
என்றாள், பேனாவை எடுத்துப் பெருக்கத் தொடங்கி.

எனக்கும் ஆசைதான்.
துகள்மானியை அடியில் நீட்டினேன்.
சுழியத்தில் உறங்கவேண்டிய திரையில்
எண்கள் பொரியாய் வெடித்தன.

வடிகட்டியின் ஓரம்
விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.
யாரையும் நிறுத்தாத காவலுக்குக்
கூலி குறைவுதான்.

ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னேன்.
பதில் வரவில்லை.
முகமூடிக்குள் என் மூச்சு மட்டும் வெதுவெதுப்பாய்.
கண்ணாடிக்கு அப்பால் வீப்கே
தெருவை அழித்துக்கொண்டிருந்தாள்.