இருபத்தைந்தில் ஒன்று

மார்ச் மாதத் தண்ணீர் எட்டிய உயரத்தை
வால்தெமிர் தன் டயர்க் கடைச் சுவரில்
ஆணியால் கீறி வைத்திருக்கிறார்.
"அளந்துக்கங்க, இன்ஜினியரம்மா."
ஒரு மீட்டர் பன்னிரண்டு. என் விலா எலும்பு.

பெலோ ஒரிசோன்ச்சியின் இந்தச் சரிவுக்கு
என்னிடம் மூன்று எண்கள்தான்:
பதினெட்டு ஹெக்டேர் நிலம்,
மணிக்கு நூற்றுப்பத்து மில்லிமீட்டர் மழை,
விழுந்ததில் மண் குடிக்காமல் விடுவது எவ்வளவு
என்றொரு பின்னம்.
பெருக்கி, முந்நூற்று அறுபதால் வகுத்தால்
நொடிக்கு இரண்டரை கன மீட்டர்.
தொண்ணூற்று நாலில் அதற்குத்தான் குழாய் புதைத்தார்கள்.
பழைய வரைபடத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலில்: 0.45.
பொய்யில்லை. அப்போது மேலே புல் இருந்தது.

ஏறிப் போய்ப் பார்த்தேன்.
பந்தாடிய திடல் சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்தம்.
முற்றங்களுக்கெல்லாம் சிமென்ட்.
ஒரு பப்பாளி மரத்தைச் சுற்றி மட்டும்
ஒரு சாண் மண் விட்டிருந்தார்கள்.
அழித்து எழுதினேன்: 0.85.

வழவழப்பில் தண்ணீருக்குத் தயக்கமில்லை.
உச்சித் துளி கடைவாசல் வந்துசேரப்
பதினைந்து நிமிடம் ஆனது,
இப்போது ஒன்பது.
நேரம் சுருங்கினால் கணக்கில் எடுக்கும் மழை
கூர்மையாகிவிடும்: நூற்று நாற்பது.
மறுபடி பெருக்கினேன்.
இரண்டரைக்குப் போட்ட குழாயில்
ஏறத்தாழ
ஆறு.

"இருபத்தைந்து ஆண்டு மழைக்கா?"
ஒதாவியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பணம் பத்து ஆண்டு மழைக்குத்தான் இருக்கிறது."

வால்தெமிரிடம் சொன்னேன்:
இருபத்தைந்து ஆண்டு மழை என்றால்
இருபத்தைந்து ஆண்டு ஒதுங்கி நின்றுவிட்டு வருவதல்ல.
ஒவ்வோர் ஆண்டும், இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு.

டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடியபடியே சிரித்தார்.
"விலங்குச் சீட்டுல இருக்கிறதும் இருபத்தஞ்சு விலங்குதான்.
தினம் முதலை மேல ரெண்டு ரெயால் வைக்கிறேன்.
மார்ச்சுல ரெண்டு தரம் விழுந்துச்சு.
தண்ணியும் ரெண்டு தரம் வந்துச்சு."
பிறகு சிரிக்காமல்,
"பத்துல ஒண்ணுன்னா
நான் அந்தப் பக்கம் காசு வைக்க மாட்டேன்."

படிவத்தில் 25 என்றே எழுதினேன்.
சுவரின் கீறலைப் படமெடுத்துப் பின்னால் கோத்தேன்,
அளவுநாடா தெரியும்படி.
கோப்பு திரும்பி வரும்.
மஞ்சள் தாளில் ஒதாவியோவின் கையெழுத்தும் வரும்.

வெளியே தூறல், மணிக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட இராது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வால்தெமிர் கீழ்வரிசை டயர்களை
ஒவ்வொன்றாய் எடுத்து
கீறலுக்கு மேலுள்ள ஆணிகளில்
மாட்டிக்கொண்டிருந்தார்.