உண்மைப் பிரதி

கிளிநொச்சிக் கச்சேரிக்கு எதிரே என் கடை.
ஒரு பக்கம் இருபது ரூபா, நிறத்தில் என்றால் அறுபது.
கரண்ட் நின்றால்
கடவுளே வரிசையில் நின்றாலும் பிரதி இல்லை.

நிறைமதியை நான் முதலில் அறிந்தது
ஒரு காணி உறுதியாக.
அக்கராயனில் ஒன்றரை ஏக்கர், கிழக்கே வாய்க்கால்,
மேற்கே வினாசித்தம்பி பெண்சாதியின் காணி.
சீனாவில் அரைப் புலமைப்பரிசில்;
மற்ற அரை அந்த ஒன்றரை ஏக்கர்.
வங்கிக்கு மூன்று பிரதி, முகவருக்கு இரண்டு.
தாய் ஒவ்வொரு தாளையும்
சூடு ஆறும்வரை கையில் வைத்திருந்தார்.

பிறகு பிறப்புச் சான்றிதழ்.
இடப்பெயர்வில் தொலைந்து, மறுபடி எடுத்தது.
எழுதின லிகிதருக்குக் கை தாராளம்,
அவள் பெயரில் ஓர் ஆங்கில எழுத்துக் கூட.
அந்த ஓர் எழுத்துக்கு ஒரு சத்தியக்கடதாசி.
அதிலும் ஆறு.

ஐந்து வருசம் கழித்து வந்தாள்.
நீர்ப்பாசனப் பொறியியல்.
சிவப்பு மட்டை, தங்க முத்திரை,
உள்ளே நண்டு ஊர்ந்த மணல் மாதிரி எழுத்து.
“அண்ணை, இருபது செட்.”
எனக்கு வியாபாரம்.
திணைக்களம், சபை, குடிநீர்த் திட்டம், மூன்று என்.ஜி.ஓ.
நேர்முகத்தில் கேட்டார்களாம்:
பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா?
இருக்கிறது.
இந்தப் பாடநெறி இருக்கிறதா?
இரணைமடுவுக்கு எத்தனை வான்கதவு என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அவள் அதைத்தான் இரவிரவாகப் படித்துக்கொண்டு போயிருந்தாள்.

அவளோடு உயர்தரம் படித்த அகல்யன்
யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்து
பிரதேச செயலகத்தில் முதியோர் கொடுப்பனவுக் கோவை அடுக்குகிறான்,
பயிலுநராக, நாலாம் வருசம்.
“வெளிநாடு போயும் என்ன கண்டவள்?” என்றான் ஒருநாள்.
உள்நாட்டில் இருந்து நீ என்ன கண்டாய் என்று
வாய்வரை வந்தது.
கோவை மட்டை பத்து வாங்கினான்.
கேட்கவில்லை.

பதினோராம் மாதம் ஒற்றைத் தாளோடு வந்தாள்.
பூநகரிப் பக்கம் ஒரு கடலட்டைப் பண்ணை.
பதவி: மொழிபெயர்ப்பாளர்.
சம்பளத்தின்மேல் விரலை வைத்திருந்தாள்;
மெசினில் வைக்க எடுக்கத்தானே வேண்டும்.
பார்த்தேன்.
பொறியியலாளருக்கு அரசு தருவதைவிடக் கூட.
“பட்டத்தை அவங்கள் விரிச்சும் பாக்கேல்லை, அண்ணை.
விடுதிச் சமையலறையில பழகின கதைதான்
எனக்கு வேலை எடுத்துத் தந்தது.”
சிரித்தாள். மிச்சக் காசை எண்ணாமல் போனாள்.

ஆடியில் காணியை மீட்டார்கள்.
அந்தப் பத்திரத்துக்கும் ஒரு பிரதி.
இந்த முறை தாய் சூடு பார்க்கவில்லை,
மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

போன கிழமை கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்கள்.
மனு.
களங்கட்டி போட்ட இடத்தில் வேலி,
வள்ளம் திருப்ப வழியில்லை,
கையெழுத்து நூற்றுப் பதினேழு, ஐம்பது பிரதி வேண்டும்.
கடைசித் தாளில் அந்த நண்டு எழுத்து.
“கொம்பனிக்காரனுக்கு விளங்கட்டும் எண்டு
நிறைமதிப் பிள்ளைதான் எழுதித் தந்தது.
தன்ரை பேர் வேண்டாமாம்.”

தமிழில் முறைப்பாடு இரண்டரைப் பக்கம்.
அதில் ஒரு பக்கமும் நிரம்பவில்லை.
அந்த மொழியே சிக்கனமோ,
அவள் சுருக்கினாளோ,
எனக்கு வாசிக்கத் தெரியாது.

மை குறைந்திருந்தது.
பெட்டியைக் கழற்றி, இரண்டு தரம் குலுக்கிப் போட்டேன்.
ஐம்பதும் நல்ல கறுப்பாக விழுந்தன.