தண்ணீருக்குப் பூட்டு

கிரியான் ஆற்றில்
பழைய படகுத்துறை தொடங்கி
மூன்றாவது நீப்பா வளைவு வரை
தூண்டில் கூடாது, வலை கூடாது.
எல்லைக்குக் கட்டிய மஞ்சள் டிரம் இரண்டும்
வெள்ளத்தில் நகரும்.
எல்லை நகராது என்பார் மாட் இசா.
முதல் வருஷம் அதை நம்பியது அவர் ஒருவர்தான்.

கணக்கு எழுதுவது நான்.
கையுறை ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
விரலிடுக்கில் வெள்ளை மாவோடு வந்து
எல்லைக்கு வெளியே பிடித்த
ஐஸ் பெட்டிகளைத் திறந்து பார்ப்பேன்.
மொத்தம் எத்தனை, நீலக்கை எத்தனை,
வயிற்றில் முட்டை சுமந்தது எத்தனை.
சுமந்ததை எடுத்து
பெட்டிக்காரர் முகம் பார்க்காமல்
ஆற்றில் விடுவேன்.
'பத்து வெள்ளி நீந்திப் போகுது'
ஒவ்வொரு முறையும் ஆ செங் சொல்வார்.
ஒவ்வொரு முறையும்
வாளியை என் பக்கம் நகர்த்தி வைப்பார்.

பதினாலாவது மாதம், அமாவாசை.
காவல் முறை எங்கள் வீட்டுக்கு.
முதலில் வாசம் வந்தது,
பூச்சிமருந்துக் கடையைத் திறந்த மாதிரி.
பிறகு இறால்கள் வந்தன.
குடித்தவை போலத் தள்ளாடி
சேற்றில் ஏறி
என் செருப்பைத் தொட்டன.
பெரியது, சின்னது,
நகம் அளவு கூட இல்லாதது.

டார்ச்சைத் திருப்பினேன்.
இடுப்பளவு தண்ணீரில்
கையில் காலி பாட்டிலோடு
இளவழுதி. என் தம்பி.

'அக்கா, லைட்ட அணை.'

அவன் கடன் எனக்குத் தெரியும்.
ஆலோங் ஆள்
வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றியதை
மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தவள் நான்.
லைட்டை அணைக்கவில்லை.
அணைக்க நினைத்தேன் என்பதை
எங்கும் எழுதவில்லை, இங்கே தவிர.

கூட்டம் மூன்று மொழியில் நடந்தது,
நான்காவதாக மௌனத்திலும்.
'அடையாளம் தெரியாத ஆள்னு போடு'
என்றார் மாட் இசா, என் முகம் பார்த்து.
நான் பெயரை எழுதினேன்.
அவன் பெயருக்குப் பின்னாலும்
என் பெயருக்குப் பின்னாலும்
அதே அப்பா.
அபராதம் முந்நூறு வெள்ளி.
ஆறு மாதம் ராக்காவல்.
திறப்பு நாளில் பங்கு இல்லை.

ஆற்றைத் திறந்தது இரண்டே நாள்.
படகில்லாத வீட்டுக்கும் ஒரு கூறு,
கோயிலுக்கு ஒன்று, சூராவுக்கு ஒன்று,
டிரம்முக்குச் சாயம் வாங்க ஒன்று.
தம்பி துறையில் நின்று
மற்றவர் படகுக் கயிற்றை
அவிழ்த்துக் கொடுத்தான்.
மத்தியானம் என் பங்கில் குழம்பு.
வந்து உட்கார்ந்தான்.
ஒரு வாய் வைத்து
'உப்பு கம்மி' என்றான்.
உப்பை நகர்த்தி வைத்தேன்.

காவல் கெடு முடிந்து
ஏழாவது மாதமும்
வளைவில் டார்ச் வெளிச்சம் தெரிகிறது.
அவனா என்று போய்ப் பார்க்கவில்லை.
அவன்தான் என்றால்
காக்கிறானா, எடுக்கிறானா,
அதையும் கேட்கவில்லை.

இன்று காலை எண்ணினேன்.
சினை இறால் நாற்பத்தொன்று.
போன மாதம் இருபத்தாறு.