நாற்பத்தேழாம் மனை

ஞாயிறு காலை ஓசூர் பஸ் நிலையத்தில்
வேன் வந்து ஏற்றிக்கொண்டது.
சூளகிரி தாண்டி இடதுபக்கம் மண்பாதை,
கலர்க்கொடிகள், ஷாமியானா,
குஸ்காவுக்குள் புதைத்த அவித்த முட்டை.
"ரிங் ரோடு வருது சார், காலேஜ் வருது,
ஆஸ்பத்திரி வருது" என்றார் தரகர் சம்பங்கி.
எல்லாம் வந்துகொண்டிருந்தன.
வந்திருந்தது நாங்கள் முப்பது பேரும்
ஒரு தண்ணீர் லாரியும்.

நான் லேத் பட்டறைக்காரன்.
ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும்
துண்டு திரும்பி வந்துவிடும்.
அதனால் டேப்பை எடுத்துப் போயிருந்தேன்.
முப்பதுக்கு நாற்பது என்றார்கள்.
வடக்கே இருபத்தெட்டரைதான் இருந்தது.
"கல்லு நகர்ந்திருக்கும் சார், மாடு முட்டியிருக்கும்."
கண்ணுக்கெட்டிய தூரம்வரை
மாட்டைத் தேடினேன்.

இருந்தாலும் கிழக்குப் பார்த்த மனை.
என் மனசு அதற்குள் வீட்டைக் கட்டி
மாடிப்படிக்குக் கைப்பிடியும் வைத்துவிட்டது.
இருபத்தையாயிரம் அட்வான்ஸ்.

பிறகுதான் காகிதம்.
அங்கீகார எண் அசல்.
ஓடைப் புறம்போக்கு புலப்படத்தில்
மனைகளைத் தொடாமல் மேற்கே ஒதுங்கிப் போனது.
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டேன்:
ஒரு அடமானம், அது தீர்ந்த ரசீது,
திம்மராயப்பன் மகன்கள் இருவரும் பாகம் பிரித்தது,
இருவரும் கம்பெனிக்குக் கிரயம் கொடுத்தது.
சுத்தம்.

வக்கீல் பிரமிளா கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்:
"திம்மராயப்பன் எப்ப இறந்தார்?"
ரெண்டாயிரத்துப் பத்து.
"உயில்?"
இல்லை.
"பிள்ளைங்க எத்தனை?"
ரெண்டு.
"அது பாகப் பத்திரம் சொல்றது. வாரிசுச் சான்று?"

அது மூன்று என்றது.
மூன்றாம் வரியில் சாக்கம்மா, மகள், மணமானவர்.

போட்ட கையெழுத்தெல்லாம் வில்லங்கத்தில் வரும்.
போடாத கையெழுத்துக்கு
அங்கே பத்தி கிடையாது.

ராயக்கோட்டை மண்டியில் அவளைக் கண்டுபிடிக்க
ஒரு சனிக்கிழமை போனது.
தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.
முழங்கைவரை சிவப்பு.
"என் கையெழுத்து வாங்கவா வந்த?"
"இல்லம்மா. இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."
"இருக்கேன்" என்றாள்,
ஏதோ வருகைப் பதிவேட்டுக்குச் சொல்வதுபோல.

"அடி என்ன விலை?"
சொன்னேன்.
அன்றைக்குப் பெட்டி நூற்றிருபது.
"அப்ப அடிக்கு ஏழு பெட்டி" என்றாள்.
"உன் மனை எத்தனை அடி?"
ஆயிரத்து இருநூறு.
"அந்த மாதிரி எத்தனை மனை?"
தொண்ணூற்றாறு.
அதற்குமேல் அவள் பெருக்கவில்லை.
கையிலிருந்த பழத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்து
இரண்டாம் தரத்தில் போட்டாள்.

தொண்ணூற்றைந்து பேர் கேட்காததை
நான் ஏன் கேட்டேன் என்று அவளும் கேட்கவில்லை.
நியாயவான் என்றெல்லாம் இல்லை.
பத்து வருஷம் கழித்து
கோர்ட் சம்மனோடு கேட்டைத் தட்டுவார்களே,
அந்த பயம்தான்.

வாரிசுச் சான்றின் ஜெராக்ஸை நீட்டினேன்.
கையைப் பாவாடையில் துடைத்து வாங்கினாள்.
தன் பெயர் எங்கே என்றாள்.
காட்டினேன்.
அந்த இடத்தில் ஈர விரல் பட்டு மை இளகியது.
"நானே வெச்சுக்கவா?"
மடித்துச் சுருக்குப்பையில் போட்டாள்,
மண்டி முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டாள்.

இப்போது சூளகிரிப் பதிவு நின்றிருக்கிறது.
கொடிகள் வெளுத்துவிட்டன என்று கேள்வி.
அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்துக்கு
ஒரு தொகை சொன்னார்களாம்;
அவள் பெட்டிக்கணக்கில் பதில் சொன்னாளாம்.

சம்பங்கிக்குத் தினமும் போன் போடுகிறேன்.
"ரசீதைப் படிச்சீங்களா சார்?"
படித்தேன்.
பின்பக்கம், எறும்பு எழுத்தில்:
முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.
மைக்ரோமீட்டரில் கோடு பார்க்கிற கண்
அன்றைக்கு எங்கே இருந்ததென்றால்,
மாடிப்படிக் கைப்பிடியில்.