தொட்டியின் அடியில்

அந்தக் குளிர்காலம் முழுக்க
எந்த ஆணையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
மேலே ஆறு வந்தால் இரண்டு கம்பளிச் சட்டை.
கீழே பதினாலு வந்தால் ஒரே காற்சட்டை,
அது காயும்வரை
அடுப்போரம் என் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பான்.
முதல் பொன் அகப்பட்ட இடத்திலிருந்து
ஓடையை மேலும் கீழுமாக அளந்து
முளையடித்து எண் போட்டிருந்தார்கள்.
எண்களுக்குள் மனிதர்கள் குடியிருந்தார்கள்.

உலர்ந்த சால்மன் விற்க வரும் தபிதாவிடம்
"கீழே பதினாலில் கேட்டுப் பார்" என்றேன் ஒருநாள்.
"எதற்குக் கீழே?" என்றாள்.
அந்த ஓடைக்கு அவர்கள் வைத்திருந்த பெயரை
இரண்டு முறை சொன்னாள்.
என் நாக்கு அதற்கு வளையவில்லை.
மீன் இனி இந்தப் பக்கம் ஏறாது,
தண்ணீர் சேறாகிவிட்டது,
ஆற்றோடு கீழே போகிறோம் என்றாள்.
நான் கையுறைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

யூக்கான் ஓர் ஆறு என்று நம்பி வந்தவள் நான்.
அக்டோபரிலேயே அது தரையாகிவிட்டது.
மண்ணோ, இரும்பு.
ராத்திரி குழிக்குள் விறகடுக்கித் தீ மூட்டி
விடிந்ததும் இளகிய ஒரு முழத்தைச் சுரண்டி
மறுபடி தீ.
மலைகள் அப்படித்தான் மொட்டையாயின,
குழி குழியாக.
கொடியில் சட்டைகள் கைவிரித்து விறைத்து நிற்கும்,
கரி படிந்து.

என்னிடம் மட்டும் பொன் தானாக வந்தது.
துணி அலசிய தொட்டியின் அடிச்சேற்றை
ராத்திரி தட்டில் அரித்தெடுப்பேன்,
ஊறுகாய்ப் புட்டியில் போடுவேன்.
யாருக்கு அகப்பட்டது, யார் கதை விடுகிறான்
என்று மதுக்கடைக்குத் தெரியும் முன்
எனக்குத் தெரியும்.
பதினாலின் காற்சட்டையிலிருந்து
வெறும் மண்தான் வந்தது.
நவம்பரில் மண். ஜனவரியில் மண்.
ஊருக்குப் போக மாட்டேன், வெறுங்கையோடு எப்படி,
என்பான் போர்வைக்குள்ளிருந்து.

இரக்கம் என்றுதான் நினைத்துச் செய்தேன்.
புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து
காய்ந்த காற்சட்டையின் மடிப்பில் தூவி வைத்தேன்.
ஒரு ரொட்டிக்காவது ஆகட்டும்.

அவன் ரொட்டி வாங்கவில்லை.
கூடுதலாக விறகு வாங்கினான், கடனுக்கு.
பாறை பக்கத்தில்தான் என்று
இருபதடி, இருபத்தாறடி இறங்கினான்.
மார்ச்சில் ஒரு காலை
தீயின் நச்சுப்புகை வடியும் முன்னே உள்ளே போனவனை
மேலே ஆறும் இன்னொருவனும்
கயிறு கட்டித் தூக்கினார்கள்.

கல்லறைக்கும் அதே முறைதான்.
மூன்று நாள் தீ.
வெட்டிய மண்ணை ஒருவன் பழக்கதோஷத்தில்
தட்டில் போட்டு அலசிப் பார்த்தான்.
யாரும் திட்டவில்லை.
ஒன்றுமில்லை என்று கொட்டினான்.
பலகையில் என்ன எழுத என்று கேட்டார்கள்.
சட்டைக் கழுத்தின் உட்புறம் சிவப்பு நூலில்
யாரோ தைத்திருந்தது எனக்குத்தான் தெரியும்:
அன்செல்ம் ரிண்டால்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில்
மேற்கே கடற்கரை மணலிலேயே பொன் என்று சேதி வர
ஒரு வாரத்தில் ஊர் நீராவிக்கப்பல் ஏறிப் போயிற்று.
நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள்.
பிறகு வந்தது அகழிக்கப்பல்,
தானே வெட்டிய குளத்தில் மிதந்து
ஓடையை முன்னால் தின்று
பின்னால் கல்லாகக் கழித்துக்கொண்டே.
மேலே ஆறும் இல்லை, கீழே பதினாலும் இல்லை,
முளைகள் எல்லாம் அதன் வயிற்றில்.
அந்தக் கம்பெனி ஆட்களுக்குத்தான் இப்போது வெளுக்கிறேன்.
அவர்கள் துணியில் எண்ணெய்க்கறை மட்டும்.

ஜூலையில் அந்தக் கற்குவியல்களின் இடுக்கில்
ஊதா நிறத்தில் தீச்செடி பூக்கிறது.
பொன் எடுத்த இடத்தில் பூ.
தபிதாவின் மகள் போன வாரம் தளிர் பறிக்க வந்தாள்.
ஓடையின் பெயரை மறுபடி கேட்டேன்.
"எந்த ஓடை?" என்றாள்,
கற்களைப் பார்த்தபடி.