நெருப்பில்லாப் புகை

எஞ்சின் லைற்றின் மேல்
கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வந்தார் பெலான்ஜே.
"போன செப்ரெம்பரில் எரிந்தது,
இப்போது எரியவில்லை" என்றார்.
டேப்பை உரித்தேன்.
மஞ்சளாக, கொஞ்சமும் கோபமில்லாமல்
எரிந்துகொண்டுதான் இருந்தது.

சட்பரி. மே கடைசி.
கொசு கராஜுக்குள் வரத் தொடங்கிவிட்டது.

பி-0456 என்றது ஸ்கேனர்.
எங்கோ சின்னக் கசிவு.
எங்கே என்று சொல்லாது.
ஊர்வாய் மாதிரி:
ஏதோ இருக்கிறது என்பதோடு சரி.

மூன்று மூடி வாங்கிவிட்டார் அதற்குள்.
மச்சான் சொன்னாராம், மூடியில்தான் பிழையென்று.
பெற்றோல் நிலையப் பையனும் சொன்னானாம்.
சுரங்கத்தில் கூட வேலை செய்கிற யாரோவும்.
மூன்றும் காரின் டிராயருக்குள் கிடந்தன,
பற்றுச்சீட்டுச் சுற்றியபடி.

பெற்றோல் சும்மா இருக்கிற சாமான் இல்லை.
சாவியை எடுத்துவிட்டு
நீங்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகும்
தாங்கிக்குள் ஆவியாகிக்கொண்டிருக்கும்.
அதை வெளியே விடக்கூடாதென்று
ஒரு கரிப்பெட்டி வைத்திருக்கிறார்கள்.
இரவெல்லாம் கரி குடிக்கும்.
காலையில் எஞ்சின் ஓடும்போது
கரியிடமிருந்து எஞ்சின் வாங்கிக் குடிக்கும்.
எச்சில் பார்க்காத வீடு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது.
நிறுத்தி ஐந்து மணித்தியாலம் கழித்து
இருட்டில், யாரும் எழுப்பாமல்
இந்த வகைக் கார் தானே விழிக்கும்.
வழிகளை அடைத்துக்கொண்டு
மூச்சைப் பிடித்துப் பார்க்கும்,
நிற்கிறதா, இறங்குகிறதா என்று.
கடுங்குளிரில் அந்தச் சோதனை கிடையாது.
குளிர் விட்ட இரவுகளில்
தோற்றுத் தோற்றுத் திரும்பப் படுத்திருக்கிறது,
மேல்மாடியில் அவர் குறட்டை விட.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பவர்கள்
என்னிடம் வாருங்கள்.
எண்ணெயைச் சுடவைத்து வெள்ளைப் புகை செய்யும் பெட்டி,
தண்டர் பேயில் ஒரு கராஜ் மூடியபோது
பாதி விலைக்கு எடுத்தது,
ஒரு சக்கரம் சுற்றாது.
குழாயை மாட்டினேன்.
பலூன் ஊதுகிற பலம்கூட வேண்டாம்,
கூட்டினால் நல்ல இடமும் பிய்ந்துபோகும்.
வெளிச்சத்தை அணைத்துவிட்டு
ரோர்ச்சோடு காருக்குக் கீழே போனேன்.

மூடியில் இல்லை.
கரிப்பெட்டியில் இல்லை.
பம்பின் வளையத்தில் இல்லை.
பன்னிரண்டு நிமிடம்.
புகை எங்கோ வருகிறது, மணக்கிறது,
கண்ணுக்குத்தான் அகப்படவில்லை.
விசிறியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.
நிறுத்தினார்.
நான் கேட்காமலே தன் ஜாக்கெற்றைக் கழற்றிக்
கதவடியில் திணித்தார்.
"கீழே நாங்களும் புகை ஊதித்தான்
காற்று எந்தப் பக்கம் போகுதென்று பார்ப்போம்" என்றார்.
என்னைவிடப் பத்து வயது இளையவர்.
அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அப்போது வந்தது.
பின் வலச் சக்கரத்துக்கு மேலே,
ஆறிய தேநீரின் கடைசி ஆவிபோல
ஒரே ஒரு இழை.

பிளாஸ்ரிக் மறைப்பைக் கழற்றினேன்.
எட்டுக் குளிர்காலத்து உப்பு,
மேப்பிள் சருகு, சேறு.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
தாங்கிக்குப் போகிற குழாய்
வெளியே தெரியாமல் துருவைக் குடித்திருந்தது.
அட்டையை விரித்துப் பக்கத்தில் படுத்துப் பார்த்தார்.
"இதுவா?"
இதுதான்.
அரை மில்லிமீற்றர் இருக்கும்.
கெற்ற வார்த்தை ஒன்று பிரெஞ்சில் சொன்னார்,
கோயில் சாமானின் பெயர் அது,
இங்கே அப்படித்தான் திட்டுவார்கள்.

வியாழன் புதுக் குழாய் வந்தது.
மாட்டி, கணினியின் ஞாபகத்தை அழித்தேன்.
லைற் அணைந்ததும் கைகொடுக்க வந்தார்.
பொறுங்கள் என்றேன்.
நான் அணைத்ததற்கு மதிப்பில்லை,
அது தன்னைத் தானே பார்த்துச் சொல்லவேண்டும்.
பாதித் தாங்கி பெற்றோல் இருக்கட்டும்.
ஒன்பதுக்கு நிறுத்துங்கள். தொடாதீர்கள்.

அன்றிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
இந்த வயதில் வரும்.
கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
இப்போது விழித்திருக்கும்.
இப்போது அடைத்திருக்கும்.
நானும் ஏனோ மூச்சை விடாமல்.

பெலான்ஜே போன் எடுக்கவில்லை.
எங்கள் தொழிலில் அதுதான் நல்ல செய்தி.

மூன்று மூடியையும் என் மேசையில் விட்டுப் போயிருந்தார்.
ஒன்றுக்குள் ஆணி போட்டு வைக்கிறேன்.
தரமான மூடிகள்.
அவற்றில் ஒரு பிழையும் இல்லை.